பிறந்த மண்ணுக்குச் சாட்சி யார்?

1895 ஆகஸ்ட் மாதம் 'காப்டிக்' என்ற நீராவிக் கப்பல் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்தவர்களில் ஒருவர் வோங் கிம் ஆர்க். சமையல் தொழிலாளி, வயது இருபதைத் தாண்டியிருந்தது. சீனாவில் இருந்த மனைவியையும் உறவினரையும் பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். சொந்த ஊர் என்றால் சான்பிரான்சிஸ்கோதான். அங்குள்ள சீனர் குடியிருப்பில், சாக்ரமெண்டோ தெருவில் வியாபாரம் செய்துவந்த பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ஆனால் கப்பலைவிட்டு இறங்க அவரை விடவில்லை. 'இவர் அமெரிக்கக் குடிமகன் அல்ல' என்று துறைமுகச் சுங்கத் தலைமை அதிகாரி ஜான் வைஸ் முடிவு செய்துவிட்டார்.

வோங் ஏமாளி அல்ல. இப்படி ஒரு நாள் வரக்கூடும் என்று தெரிந்தேதான் 1894 நவம்பரில் புறப்படும் முன் ஒரு பத்திரம் தயார் செய்துவைத்திருந்தார். அதில் அவருடைய புகைப்படம் இருந்தது. இவர் இதே நகரத்தில் பிறந்தவர், இவரை எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று வெள்ளையர்கள் போட்ட கையெழுத்தும் இருந்தது. 1890இல் முதன்முறை சீனா போய் வந்தபோது இதே துறைமுகம் இவரை 'இங்கே பிறந்தவர்' என்று ஏற்று உள்ளே விட்டிருந்தது. ஐந்தாண்டுகளில் மனிதர் மாறவில்லை, பிறந்த இடமும் மாறவில்லை. அரசின் மனந்தான் மாறியிருந்தது.

சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம் அது. 1892இல் வந்த கியரி சட்டம் பிடியை இன்னும் இறுக்கியது. நாட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு சீனத் தொழிலாளியும் குடியிருப்புச் சான்று வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கைது. சான்று வாங்காமல் போனதற்குத் தக்க காரணம் சொல்ல வேண்டுமானால், முன்பே அந்நாட்டில் வசித்ததற்கு நம்பத்தக்க வெள்ளையர் ஒருவராவது சாட்சி சொல்ல வேண்டும். இருக்கும் உரிமையை மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதும் பிடிபட்டவர் தலையில் விழுந்தது.

வோங்கைக் கரையில் காவலில் வைக்கவில்லை, கடலில் வைத்தார்கள். காப்டிக் கப்பல் அடுத்த பயணத்துக்குக் கிளம்பியதும் இன்னொரு கப்பலுக்கு மாற்றினார்கள். அது கிளம்பியதும் வேறொன்றுக்கு. நான்கு மாதங்களுக்கும் மேலாகத் தான் பிறந்த நகரத்தைக் கப்பல் தளத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சான்பிரான்சிஸ்கோவின் சீனர் சங்கங்கள் அவருக்காக வழக்கறிஞர் தாமஸ் ரியோர்டனை அமர்த்தின. ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. 1896 ஜனவரி 3ஆம் தேதி மாவட்ட நீதிபதி வில்லியம் மாரோ அவரை விடுவித்தார். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1898 மார்ச் 28ஆம் தேதி, ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹொரேஸ் கிரே.

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது திருத்தம் 1868இல் வந்தது. கறுப்பின மக்கள் குடிமக்களே ஆக முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடியோடு துடைத்தெறிய வந்த திருத்தம் அது. அமெரிக்காவில் பிறந்து அதன் அதிகாரத்துக்கு உட்பட்ட எவரும் அந்நாட்டுக் குடிமக்கள் என்று அது சொல்கிறது. பெற்றோர் சீனப் பேரரசரின் பிரஜைகள் என்பதால் பிள்ளை அந்த வரையறைக்குள் வராது என்பது அரசின் வாதம். கிரே அதை ஏற்கவில்லை. அயல்நாட்டுத் தூதர்களின் பிள்ளைகள், படையெடுத்து வந்து நிலத்தைப் பிடித்துவைத்திருக்கும் எதிரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் போக, அங்கே நிலையாகக் குடியிருப்பவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எந்த இனமானாலும் குடிமக்களே என்று எழுதினார். பூர்வகுடிகளின் நிலை மட்டும் அப்போது தனியாகவே இருந்தது; அவர்கள் எல்லோருக்கும் குடியுரிமை கிடைக்க 1924ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. வோங் சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர் என்பதை அரசுத் தரப்பு மறுக்கவே இல்லை. பிறந்தது உண்மை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகு, அந்தப் பிறப்பு குடியுரிமை தருமா என்ற சட்டக் கேள்வி மட்டுமே நீதிமன்றத்தின் முன் இருந்தது. தீர்ப்பு சட்டத்தை உறுதி செய்தது. அடுத்த முறை ஓர் அதிகாரி எதிரே நின்று, 'நீ இங்கே பிறந்தவன் என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று கேட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை.

அந்த அடுத்த முறை வோங்குக்கே வந்தது. 1901இல், மெக்சிகோ எல்லையை ஒட்டிய டெக்சஸ் நகரமான எல் பாசோவில் அவரைக் கைது செய்தார்கள். சட்டவிரோதமாக நாட்டில் இருக்கும் சீனர் என்பது குற்றச்சாட்டு. நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் பெயரிலேயே தீர்ப்பு எழுதி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 300 டாலர் ஜாமீன் கட்டி வெளியே வந்து, சில மாதங்கள் அலைந்து, மறுபடியும் தன்னைக் குடிமகன் என்று நிரூபித்த பிறகே அவர் விடுபட்டார். 1910இல் அவருடைய மூத்த மகன் சீனாவிலிருந்து வந்தபோது, இவர்தான் தந்தை என்பதை அதிகாரிகள் நம்பவில்லை. மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பின்னாளில் மற்ற மூன்று மகன்களை ஏற்றுக்கொண்டார்கள்.

உரிமை பிறந்த கணத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கணத்தைப் பிறந்தவருக்கு நினைவிருக்காது. தாய், மருத்துவச்சி, பக்கத்து வீட்டுக்காரர், பதிவேட்டில் எழுதிய குமாஸ்தா என்று அடுத்தவர்கள் சொல்வதை வைத்துத்தான் எவரும் தன் பிறப்பை அறிகிறார். அதனால்தான் பிறப்பால் வரும் குடியுரிமை வழக்குகளில், உரிமை இருக்கிறதா என்பதைவிட யார் நிரூபிக்க வேண்டும், எதைக் கொண்டு நிரூபிக்க வேண்டும், யார் முன்னிலையில் நிரூபிக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளே மனிதர்களின் விதியைத் தீர்மானித்திருக்கின்றன.

யார் முன்னிலையில் என்ற கேள்விக்கு 1905இல் வந்த பதில் கொடுமையானது. ஜூ டாய் என்பவர் சீனா போய்விட்டுத் திரும்பியபோது, அவர் அமெரிக்காவில் பிறந்தவர் அல்ல என்று அதிகாரிகள் தடுத்தார்கள். மாவட்ட நீதிமன்றம் சாட்சிகளைக் கேட்டு, அவர் அங்கேயே பிறந்த குடிமகன் என்று முடிவு செய்தது. அரசின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டியது. எல்லையில் நுழைய வருபவர் விஷயத்தில் நிர்வாக அதிகாரியின் முடிவே இறுதி. குடிமகன் என்று சொல்பவருக்கும் நீதிமன்ற விசாரணை கட்டாயமில்லை என்றது. உண்மையை விசாரித்துக் கண்டறிந்த நீதிபதியின் சொல்லைவிட, துறைமுகத்து அதிகாரியின் சந்தேகத்துக்கு எடை கூடிவிட்டது.

எதைக் கொண்டு நிரூபிப்பது என்ற கேள்வியை மறு ஆண்டே ஒரு பூகம்பம் புரட்டிப் போட்டது. 1906 ஏப்ரல் 18ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோ நடுங்கியது. அதைத் தொடர்ந்து மூண்ட தீ நாள்கணக்கில் எரிந்தது. நகரின் ஆவணக் காப்பகம் அழிந்தபோது பிறப்புப் பதிவுகளும் சாம்பலாயின. இங்கே பிறந்தேன் என்று சொல்லும் சீனரின் கூற்றை இனி பதிவேட்டைக் காட்டி மறுக்க முடியாது. அவரும் பதிவேட்டைக் காட்டி நிறுவ முடியாது. இந்த இடைவெளியில் ஒரு பெரிய ஏற்பாடே முளைத்தது. குடிமகன் என்று ஏற்கப்பட்டவர், சீனாவில் தனக்கு இத்தனை பிள்ளைகள் என்று பதிவு செய்வார். அதில் சில பெயர்கள் வேறு குடும்பத்துப் பையன்களுக்கு விலைக்குப் போகும். 'காகித மகன்கள்' என்று பெயர் பெற்றவர்கள் இவர்கள்தாம். வேறு வழி எதையும் திறந்துவைக்காத ஒரு சட்டம் மனிதர்களை இந்த நிலைக்குத் தள்ளியது.

அரசின் பதில் ஏஞ்சல் தீவு. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1910இல் திறந்து 1940 வரை இயங்கிய குடிவரவு நிலையம் அது. வந்தவர்களை அங்கே நாள்கணக்கில், சிலரை மாதக்கணக்கில் அடைத்துவைத்து விசாரித்தார்கள். உன் கிராமத்தில் எத்தனை வீடு? உன் வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கும்? பாட்டி இறந்தது எந்த வருடம்? இதே கேள்விகளைத் தந்தையிடம் தனியாகக் கேட்பார்கள். இரண்டு பதிலும் பொருந்தாவிட்டால் உறவு பொய் என்று எழுதிவிடுவார்கள். பொய் உறவினர்கள் விடைகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்கள்; உண்மையான மகன்களும் அதே போல மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. படிக்கட்டை எண்ணிப் பார்த்து வளர்ந்த பிள்ளை எங்கே இருக்கிறது? உண்மை சொல்பவரையும் ஒத்திகை பார்க்க வைக்கும் விசாரணையால் உண்மையைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் காலத்தின் அநீதியை ஒரே வழக்கில் பார்க்க வேண்டுமானால் குவோக் ஜான் ஃபாட் வழக்கைப் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் பிறந்தவர் என்று சொன்னவர் இவர். 1915இல் சீனா புறப்படும் முன்பே முறையாக விண்ணப்பித்து, அவ்வூர் வெள்ளையர்களின் சாட்சியத்துடன் ஒப்புதல் பெற்றார். திரும்பி வருவதற்குள் அவர் வேறொரு ஆள் என்று ரகசியத் தகவல் போயிருந்தது. மறுவிசாரணையில், அவரைச் சிறுவயதிலிருந்தே அறிந்த சாட்சிகள் நேரில் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். அந்தச் செய்தியை விசாரணை அதிகாரி கோப்பில் எழுதவே இல்லை. மேலதிகாரிகள் கோப்பை மட்டும் பார்த்து அவரை நிராகரித்தார்கள். 1920இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்து, நீதிமன்றத்தில் முறையாக விசாரிக்கச் சொன்னது. சீனர்கள் பலர் தவறாக உள்ளே வந்துவிட்டாலும் பரவாயில்லை, இம்மண்ணில் பிறந்த ஒரு குடிமகன்கூடத் தன் நாட்டுக்கு வெளியே நிறுத்தப்படக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இரண்டு ஆண்டுகள் கழித்து, நாட்டுக்குள்ளேயே கைதாகி 'நான் குடிமகன்' என்று ஆதாரத்தோடு சொல்பவருக்கு நீதிமன்ற விசாரணை பெறும் உரிமை உண்டு என்று நீதிபதி பிராண்டைஸ் எழுதினார். வழி முழுவதும் திறக்கவில்லை; ஆனால் நிர்வாகத்தின் சொல்லே கடைசிச் சொல் என்ற நிலை நாட்டுக்குள் வசிப்பவரைப் பொறுத்தவரை முடிவுக்கு வந்தது.

இன்றைய நடைமுறை அங்கிருந்து வளர்ந்ததுதான். அமெரிக்காவில் ஒருவரை நாடு கடத்த வேண்டுமென்றால் அரசு அவரைக் குடிவரவு நீதிபதி முன் நிறுத்துகிறது. குடிமகனை நாடு கடத்தும் அதிகாரம் அந்த நீதிபதிக்குக் கிடையாது. ஆகவே இவர் அயல்நாட்டவர் என்பதை முதலில் அரசுதான் காட்டியாக வேண்டும். அவர் வாயே திறக்காவிட்டாலும் அந்த மௌனத்தை மட்டும் வைத்து அவரை அயல்நாட்டவர் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் வேறு நாட்டில் பிறந்தவர் என்று காட்டும் ஒரு பிறப்புச் சான்றையோ வாக்குமூலத்தையோ அரசு தாக்கல் செய்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். அயல்நாட்டவர் என்ற அனுமானம் எழும். அதை உடைக்கும் பொறுப்பு நிற்பவருக்கு வந்துவிடும். விசாரணை அதிகாரி நீட்டும் தாளில் படித்துப் பார்க்காமல் போடும் ஒரு கையெழுத்து எவ்வளவு ஆபத்தானது என்பது இங்கேதான் புரியும்.

ஆவணங்களில் முதலிடம் பிறப்புச் சான்றிதழுக்கு, அதிலும் பிறந்த சில நாட்களில் பதிவானதற்கு. பிறந்து ஓராண்டுக்கு மேல் ஆனபின் பதிவு செய்த சான்றை ஆய்ந்து பார்ப்பார்கள். துணை ஆதாரம் கேட்பார்கள். சான்றே இல்லையென்றால், தேடிப் பார்த்தோம், பதிவு இல்லை என்று மாநில அலுவலகம் தரும் கடிதம் வேண்டும். அதோடு ஞானஸ்நானச் சான்று, மருத்துவமனைக் குறிப்பு, குழந்தைப் பருவ மருத்துவப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பழைய பள்ளிப் பதிவேடு ஆகியவற்றை அடுக்க வேண்டும். பிறப்பை நேரில் அறிந்த மூத்த உறவினரின் உறுதிமொழிப் பத்திரமும் உதவும். பிறப்புக்கு மிக அருகில் எழுதப்பட்ட தாளுக்கே மதிப்பு அதிகம். வழக்கு வந்தபின் தயாராகும் தாளைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். முழுக் காலத்துக்கு வழங்கப்பட்டு நடப்பில் உள்ள அமெரிக்க பாஸ்போர்ட் கையில் இருந்தால் அதுவே உறுதியான சான்று. குடியுரிமைக் கோரிக்கையில் உண்மையான தகராறு இருந்தால், மேல்முறையீட்டு நிலையில் அதை மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்பிப் புதிதாக விசாரிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

இவ்வளவு இருந்தும் பிழை நடக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 2015 நிதியாண்டிலிருந்து 2020 நிதியாண்டின் நடுப்பகுதி வரையிலான பதிவுகளை ஆராய்ந்தது. குடிமக்களாக இருக்கக்கூடிய 674 பேரைக் குடிவரவு அமலாக்கத் துறை கைது செய்திருக்கிறது, 121 பேரைக் காவலில் வைத்திருக்கிறது, 70 பேரை நாட்டைவிட்டே வெளியேற்றியிருக்கிறது என்பது அதன் கணக்கு. குடியுரிமை குறித்த விசாரணைகளை அத்துறை முறையாகப் பதிந்துவைப்பதில்லை என்றும் அறிக்கை சொன்னது.

இத்தகைய எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள்? சற்று முந்தைய ஆண்டுகளில் பாதிக்கப்பட்ட இருவரைப் பார்க்கலாம். வட கரோலினாவில் பிறந்த ஒருவர். மனநலப் பாதிப்பு உடையவர். ஒரு வார்த்தை ஸ்பானிய மொழி தெரியாது. மெக்சிகோவில் பிறந்தவர் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கி, 2008 டிசம்பரில் அவரை மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து ஹோண்டுராஸ், குவாத்தமாலா என்று மாதக்கணக்கில் அலைந்தபின் அமெரிக்கத் தூதரகம் ஒன்று அவருடைய சகோதரரைத் தொடர்புகொண்டதால் வீடு திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு, கலிஃபோர்னியாவில் பிறந்து, எழுதப் படிக்கச் சிரமப்படும் இளைஞர் ஒருவரை எல்லைக்கு அப்பால் திஹுவானாவில் கொண்டுபோய் விட்டார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் அவரை அவருடைய தாய் தேடித் திரிந்தார். இருவரும் நாட்டின் சொந்தக் குடிமக்கள். இருவருக்கும் பக்கத்தில் வழக்கறிஞர் இல்லை. குடிவரவு வழக்கில் அரசுச் செலவில் வழக்கறிஞர் பெறும் உரிமை அங்கே பொதுவாகக் கிடையாது. பணமும் வாதத்திறனும் குடும்பத் துணையும் உள்ளவரே தன் பிறப்பை நிரூபிக்க முடிகிறது என்றால், பிறப்புரிமை பாதி உரிமைதான்.

டெக்சஸின் தென்கோடியில் ரியோ கிராண்டே ஆற்றங்கரை மக்களுக்கு வேறு வகையான சோதனை. ஏழைக் குடும்பங்களில் பிரசவம் பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். அவர்களில் சிலர், மெக்சிகோவில் பிறந்த குழந்தைகளுக்கும் பணம் வாங்கிக்கொண்டு டெக்சஸ் சான்று பதிவு செய்ததாகத் தண்டனை பெற்றார்கள். விளைவாக, மருத்துவச்சி கையில் பிறந்த எல்லோருடைய சான்றும் சந்தேகத்துக்கு உள்ளானது. ராணுவத்தில் பணியாற்றியவர்கள்கூடப் பாஸ்போர்ட் கேட்டால் தாயின் பிரசவகால மருத்துவச் சீட்டு, ஞானஸ்நானப் பதிவு என்று கொண்டுவரச் சொன்னார்கள். 2008இல் தொடரப்பட்ட கூட்டு வழக்கு மறு ஆண்டு உடன்பாட்டில் முடிந்தது. மருத்துவச்சியிடம் பிறந்தார் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. ஆனால் அந்தச் சந்தேகம் அதோடு ஓய்ந்துவிடவில்லை.

2025 ஜனவரி 20ஆம் தேதி, பதவியேற்ற அன்றே அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை இந்தப் பிரச்சினையைத் தமிழ்க் குடும்பங்களின் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டது. தாய் சட்டவிரோதமாகவோ தற்காலிக விசாவிலோ இருந்து, தந்தை குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இல்லாவிட்டால், அங்கே பிறக்கும் குழந்தை குடியுரிமை பெறாது என்றது அது. 'எச்1பி' விசாவில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பங்கு இந்தியர்கள். பசுமை அட்டைக்காகப் பல ஆண்டுகள் வரிசையில் நிற்கும் அவர்களில் தமிழர்கள் ஏராளம். ஆணை நடைமுறைக்கு வரும் முன்பே நீதிமன்றங்கள் தடை விதித்தன. சியாட்டில் நீதிபதி ஒருவர் மூன்றே நாளில் நிறுத்திவைத்தார். அரசமைப்பு என்ன சொல்கிறது என்ற அடிப்படைக் கேள்வியையே விசாரிக்க 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முன்வந்தது. வாதங்களின் மையத்தில் 1898ஆம் ஆண்டின் அந்தச் சமையல் தொழிலாளியின் வழக்குதான் நின்றது.

இந்த ஆணையின் சட்ட நியாயத்தைப் பற்றி வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள். நடைமுறை விளைவைப் பற்றித்தான் இன்னும் பேச வேண்டும். அமெரிக்கப் பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் விசா நிலை எழுதப்படுவதில்லை. பிறந்த இடம் மட்டும் போதாது என்று ஆகிவிட்டால், பிரசவ அறையிலிருந்து வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோரின் தாள்களைச் சரிபார்க்க வேண்டும். முப்பது ஆண்டு கழித்து அந்தக் குழந்தை ஓர் அதிகாரி முன் நிற்க நேர்ந்தால் தன் பிறப்பை மட்டுமல்ல, தான் பிறந்த நாளில் தாய் எந்த விசாவில் இருந்தாள் என்பதையும் நிரூபிக்க வேண்டும்.

இது கற்பனை அல்ல. இந்தியா அந்தப் பாதையில் நடந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 அன்றோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகன். தூதர், எதிரி போன்ற விலக்குகள் மட்டுமே இருந்தன. 1986இல் செய்த திருத்தம் 1987 ஜூலை 1 முதல் அதை மாற்றியது. அன்றுமுதல் பிறப்பவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்துகொண்டிருந்தவர்களை அதற்குக் காரணமாகக் காட்டினார்கள். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் ஒரு படி இறுகியது. இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். ஆக, இந்தியாவில் இன்று பிறக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பிறந்த நாளையும் இடத்தையும் சொல்லும். குடியுரிமையைத் தனியாகச் சொல்லாது.

நிரூபிக்கும் பொறுப்பிலும் இந்தியச் சட்டம் அமெரிக்காவுக்கு நேர்எதிர். 1946ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்தின் 9ஆவது பிரிவு, 'நான் அயல்நாட்டவன் அல்ல' என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கேள்விக்குள்ளானவர்மீதே வைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் வந்த புதிய சட்டத்திலும் அதுவே நீடிக்கிறது. இதன் வலியை அசாம் மக்கள் அறிவார்கள். வாக்காளர் பட்டியலில் ஒரு வருடம் ஒரு எழுத்து கூடியிருக்கும், இன்னொரு வருடம் வயது இரண்டு குறைந்திருக்கும். தீர்ப்பாயங்கள் அதைக் காரணம் காட்டி அயல்நாட்டவர் என்று அறிவித்தன. அப்படி அறிவிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டது. அடிப்படைத் தகவல் எதுவும் இல்லாமல் யாரையும் கூப்பிட்டு 'நிரூபி' என்று சொல்ல முடியாது, எழுத்துப் பிழைகளையும் தேதி வேறுபாடுகளையும் பெரிதாக்கக் கூடாது என்று சொல்லி அவரை இந்தியர் என்று அறிவித்தது. தீர்ப்பு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. முன்னெழுத்து ஒரு தாளில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும், மற்றொன்றில் தந்தை பெயராக விரிந்தும் இருக்கும் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்த ஆபத்து எளிதில் விளங்கும்.

தமிழ்நாட்டுக்கு உள்ளேயே ஒரு வழக்கு உண்டு. இலங்கைத் தமிழ் அகதிகளான பெற்றோருக்கு 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண் அவர். பிறப்பு பதிவாகியிருந்தது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த அவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, இந்தியர் அல்ல என்று மறுத்துவிட்டார்கள். 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்ததால் அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று தீர்ப்பளித்தார். பாஸ்போர்ட் கைக்கு வந்தது. பின்னர் வாக்காளர் பட்டியலிலும் பெயர் ஏறியது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். முப்பத்தாறு ஆண்டுகளாக அவரிடம் இருந்த உரிமை அது. அதைக் காட்டித் தந்தது யாரோ ஒரு ஊழியர் பொறுப்பாக எழுதிவைத்த ஒரு பதிவு.

இதே முகாம்களில் 1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்கள், இலங்கையைக் கண்ணால் பார்த்திராதவர்கள். பெற்றோர் இருவரும் அகதிகள் என்றால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எந்த அலுவலகத்திலும் குடியுரிமைக்குச் செல்லாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளின் தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு தந்தது. அது அவர்களை வழக்கிலிருந்து காக்கிறது, குடியுரிமை தரவில்லை. இவர்கள் எங்கே பிறந்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நிரூபிக்க வேண்டியது எதுவும் பாக்கியில்லாத இவர்களுக்கு வழி திறக்க வேண்டியது நாடாளுமன்றம்.